ஐம்பது வயது செஸ்னாவுக்கு முதலில் வேண்டியது புதுத் திரையா, புதுக் கேம்ஷாஃப்ட்டா?

பெருந்துறைப் பக்கம் தறி ஓட்டும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1975இல் கட்டிய செஸ்னா 172எம் விமானம் ஒன்று வெளிமாநில ஹேங்கர் ஒன்றில் விற்பனைக்கு நிற்கிறது. கடைசி ஓவர்ஹாலுக்குப் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) பிறகு எஞ்சின் 640 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. ஆனால் அந்த ஓவர்ஹால் நடந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. கடைசி நான்கு ஆண்டுகளாக விமானம் ஏறக்குறைய நின்றே இருக்கிறது. முகப்புப் பலகை முழுக்கப் பழைய முள் கருவிகள். விற்பவர், "எஞ்சின் புதிது போல இருக்கிறது, பலகையை மட்டும் கண்ணாடித் திரையாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார். நண்பரும் அவருடைய மைத்துனரும் சேர்ந்து வாங்கிக் கோவைக்குக் கொண்டுவர நினைக்கிறார்கள். திரைக்கு எவ்வளவு ஒதுக்கலாம், எந்தத் திரை நல்லது என்பது கேள்வி.

திரைக்கு இப்போதைக்கு ஒரு ரூபாயும் ஒதுக்காதீர்கள். அந்த 640 என்ற எண்ணைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நான் விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராகத் தொடங்கி, பிறகு பயிற்சிப் பள்ளிகளில் பராமரிப்புப் பொறியாளராக இருந்து, இப்போது ஓய்வில் சிங்காநல்லூரில் இருப்பவன். ஓடித் தேய்ந்த எஞ்சின்களைவிட நின்று கெட்ட எஞ்சின்களைத்தான் அதிகம் பிரித்திருக்கிறேன். நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. கிணறு வற்றி இரண்டு கோடை சும்மா கிடந்த பம்ப்செட்டை மழை பெய்ததும் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் விமானத்தில் இருப்பது லைகமிங் ஓ-320-இ2டி, 150 குதிரைத்திறன். இந்தக் குடும்பத்து எஞ்சின்களில் வால்வுகளை மேடுகளால் தள்ளித் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது கிராங்க் சுழன்று தெறிக்கும் எண்ணெயே அதற்கு உயவு. நிறுத்தியதும் எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும். சில வாரங்களில் கேம் உலர்ந்த உலோகமாக நிற்கும். எரிபொருள் எரிந்தபோது உண்டான நீராவி உள்ளேயே குளிர்ந்து அதன்மேல் படியும். மெல்லிய துரு பிடிக்கும். அடுத்த முறை ஓட்டும்போது அந்தத் துரு உதிர்ந்து சிறு குழி விழும். குழியின் விளிம்பு, கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் டேப்பெட்டின் முகத்தை அரிக்கும். அரிபட்ட டேப்பெட் கேமை ராவும். இரும்புத்தூள் எண்ணெயில் ஓடத் தொடங்கும். மேடு தேய்ந்ததும் வால்வு முழுதாகத் திறக்காது, திறன் குறையும். விமானி இதை உணரவே பல மாதங்கள் ஆகும், ஏனென்றால் சத்தம் மாறாது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று கெடுதல் செய்கிறது. நிற்கும் மோட்டாரின் தண்டை வாரம் ஒருமுறை கையால் சுற்றிவிடுவோம், இறுகிப் போகாமல் இருக்க. அதே அன்போடு ஹேங்கரில் புரொப்பல்லரைப் பிடித்துச் சுற்றிவிடும் காவலாளிகளைப் பார்த்திருக்கிறேன். கேம்மீது மிச்சம் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் அது துடைத்து எடுத்துவிடுகிறது. லைகமிங் நிறுவனமே இதைச் செய்யாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. தரையில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவதும் அப்படித்தான்: நீராவியை உள்ளே சேர்க்கும், அதை விரட்டும் அளவுக்குச் சூடு ஏறாது. முப்பது நாளுக்குள் ஒருமுறையாவது, எண்ணெய்ச் சூடு 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்படி, தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். முடியாது என்றால் முறைப்படி பாதுகாப்பு எண்ணெய் ஊற்றி, ஈரம் உறிஞ்சும் பிளக்குகள் மாட்டி மூடிவைக்க வேண்டும். லாக்புக்கில் அப்படி மூடிவைத்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த எஞ்சினுக்கு லைகமிங் சொல்லும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. ஆகவே தயாரிப்பாளரின் கணக்கில் உங்கள் எஞ்சினுக்குக் கெடு முடிந்து மூன்று ஆண்டு ஆகிவிட்டது. "புதிது போல" என்ற சொல்லை விலைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பார்ப்பது எப்படி? முதலில் சிலிண்டர் அழுத்தச் சோதனை. ஸ்பார்க் பிளக் துளை வழியாக 80 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று இரண்டாவது மானியில் படிப்பார்கள். ஒருவர் புரொப்பல்லரை இறுகப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காற்றழுத்தம் ஒரு ஆளைத் தூக்கி அடிக்கப் போதும். எண்ணைவிட முக்கியம், காற்று எங்கே ஒழுகுகிறது என்பது. புகைபோக்கியில் காது வைத்தால் சீறல் கேட்கிறதா? எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் வாயிலில் கேட்கிறதா? இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் குழாயில் கேட்கிறதா? பிஸ்டன் ரிங். வளையத்தில் கொஞ்சம் ஒழுகுவது வயதின் இயல்பு, அதோடு பல நூறு மணி நேரம் பறக்கலாம். எக்ஸாஸ்ட் வால்வில் ஒழுகினால் விடக் கூடாது. போர்ஸ்கோப் என்ற குழல் கேமராவை உள்ளே விட்டு வால்வின் முகத்தைப் பாருங்கள். நல்ல வால்வில் வெப்பக் கறை நடுவிலிருந்து ஒரே சீராக வட்டமாகப் படிந்திருக்கும். கருகத் தொடங்கிய வால்வில் ஓர் ஓரம் மட்டும் நிறம் மாறியிருக்கும்.

ஆனால் இந்தச் சோதனைகள் எதிலும் கேம் தெரியாது. இந்த எஞ்சினில் டேப்பெட்டுகள் காளான் வடிவம். எஞ்சின் கூட்டைப் பிளக்காமல் வெளியே எடுக்க முடியாது. ஒரு சிலிண்டரைக் கழற்றினால் அந்தத் துளை வழியாகக் கேம் மேடுகளையும் டேப்பெட் முகங்களையும் கண்ணாடி பிடித்துப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் இதற்கு ஒப்புதல் கேளுங்கள். செலவை நீங்கள் ஏற்பதாகச் சொல்லுங்கள். அவர் மறுத்தால், எஞ்சின் முழு ஓவர்ஹாலுக்குப் போகிறது என்ற கணக்கில் விலை பேசுங்கள்.

எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்ப்பதையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் காங்கேயத்துக்காரர், மூத்த மெக்கானிக். வடிகட்டியின் உறையை வெட்டி, மடிப்புத் தாளை அக்கார்டியன்போல விரித்து, வெள்ளைத் தட்டில் பெட்ரோல் ஊற்றி அலசுவார். பிறகு தட்டுக்கு அடியில் காந்தத்தை மெதுவாக நகர்த்துவார். "கண்ணு, மினுக்குறது எல்லாம் பயப்பட வேண்டியது இல்லை. காந்தத்தோடு நடந்து வருதா என்று பார்" என்பார். பளபளத்தும் நகராமல் கிடந்தால் அலுமினியமோ கார்பன் துகளோ. காந்தத்தின் பின்னால் ஊர்ந்து வரும் மெல்லிய ஊசித் துகள்கள் கேம், டேப்பெட் இரண்டிலிருந்தும் வருபவை. கால் தேக்கரண்டி அளவு சேர்ந்தால் அவர் அடுத்த பேச்சுப் பேச மாட்டார், விமானத்தின் கதவில் சிவப்புத் துணி கட்டிவிடுவார். ஆய்வகத்துக்கு எண்ணெய் அனுப்புவதும் நல்லதுதான். ஆனால் ஒரே ஓர் அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரும்பு, செம்பு, குரோமியம் ஒவ்வொன்றும் அடுத்தடுத்த மூன்று நான்கு மாதிரிகளில் ஏறுகிறதா என்பதே செய்தி. சிலிக்கன் ஏறினால் காற்று வடிகட்டியில் ஓட்டை, புழுதி உள்ளே போகிறது என்று பொருள்.

ஓவர்ஹால் என்று முடிவானால், ஒரு சொல்லைக் கவனியுங்கள். பாகங்களைப் புதுப் பாகத்துக்குரிய அளவுக்குள் கொண்டுவந்து பொருத்துவது ஒன்று. இன்னும் ஓடலாம் என்ற தேய்மான எல்லைக்குள் இருந்தாலே போதும் என்று பொருத்துவது இன்னொன்று. இரண்டுக்கும் ரசீதில் "ஓவர்ஹால்" என்றுதான் எழுதுவார்கள். உங்களுக்கு முதலாவது வேண்டும், அதை எழுத்தில் வாங்குங்கள்.

இங்கே கோவைக்காரரின் கை துறுதுறுக்கும். கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ இரண்டு தெரு நடந்தால், எந்த புஷ்ஷையும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் துல்லியத்தில் கடைந்து தரும் லேத் பட்டறை கிடைக்கும். 1937இலேயே மின்மோட்டார் செய்து காட்டிய ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. பாகம் செய்யத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விமானத்தில் பாகத்தோடு சேர்ந்து ஒரு காகிதமும் பறக்க வேண்டும்: எந்த உலோகக் கலவை, எந்தத் தொகுதி, யார் வெப்பப் பதம் செய்தார்கள், யார் சோதித்தார்கள். இந்தியாவில் சிஏ ஃபார்ம் 1, அமெரிக்காவிலிருந்து வந்தால் எஃப்ஏஏ 8130-3. அந்தத் தாள் இல்லாத பாகத்தைப் பொருத்தும் பொறியாளர் தன் உரிமத்தைப் பணயம் வைக்கிறார். அளவு சரியாக இருந்தும் உள்ளே தெரியாத விரிசலோடு வந்த ஒரு பின்னை நான் ஒருமுறை கையில் வைத்திருந்திருக்கிறேன். கண்ணுக்கு அது அசலைவிட அழகாக இருந்தது.

புது எஞ்சின் வந்த பிறகு ஓட்டும் முறையும் நம் பைக் பழக்கத்துக்கு நேர் எதிர். புது வண்டியை முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டு என்று வளர்ந்தவர்கள் நாம். விமான எஞ்சினை முதல் 50 மணி நேரம், அல்லது எண்ணெய்ச் செலவு ஒரே அளவில் நிற்கும்வரை, சேர்ப்புப் பொருள் இல்லாத மினரல் எண்ணெயில், 65 முதல் 75 விழுக்காடு திறனில் உழைக்க வைக்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் சிலிண்டர்ச் சுவரில் எண்ணெய் கருகிக் கண்ணாடிபோல மெருகேறிவிடும். பிறகு ரிங் உட்காரவே உட்காராது, சிலிண்டரைக் கழற்றி உட்சுவரை மறுபடி தீட்ட (ஹோன் செய்ய) வேண்டியதுதான். சித்திரை வெயிலில் இதைத் தொடங்காதீர்கள். பீளமேட்டு விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,320 அடி. 38 டிகிரி வெயிலில் அங்கே இருக்கும் காற்று, 4,400 அடி உயரத்துக் காற்றின் அடர்த்திதான். உங்கள் 150 குதிரைகளில் இருபது கிளம்பும்போதே இல்லை. தேய்ந்த கேம் இன்னும் கொஞ்சத்தைத் தின்றிருந்தால், நான்கு பேரும் முழு எரிபொருளும் ஏற்றிக்கொண்டு ஓடுபாதையின் முடிவைப் பார்க்கும்போதுதான் தெரியும்.

எரிபொருளைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாராவது உங்களிடம் "பங்க் பெட்ரோல் போதும்" என்று சொல்வார்கள். அதில் பாதி உண்மை உண்டு. இந்த எஞ்சின் 80 ஆக்டேன் எரிபொருளுக்கென வடிவமைத்தது. அமெரிக்காவில் இதற்குச் சாலைப் பெட்ரோல் ஊற்ற அனுமதிச் சான்றும் உண்டு, எத்தனால் கலக்காத பெட்ரோலாக இருந்தால். நம் பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால். அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பர் சீல்களை ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே விமானப் பெட்ரோலான ஏவ்கேஸ் 100எல்எல்தான். அதை 2022 செப்டம்பர் முதல் இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. அதுவரை முழுக்க இறக்குமதி. பெயரில் எல்எல், அதாவது குறைந்த ஈயம், என்று இருந்தாலும், பழைய 80 ஆக்டேனில் இருந்ததைப் போல நான்கு மடங்கு ஈயம் இதில் உண்டு. கீழ் ஸ்பார்க் பிளக்குகளில் சிறு மணிகளாக அது ஒட்டும். தரையில் உருளும்போது காற்று-எரிபொருள் கலவையில் எரிபொருளை நன்றாகக் குறைத்து ஓட்டினால் பாதித் தொல்லை தீரும். கிளம்பும் முன் நிமிடத்துக்கு 1,700 சுற்றில், பிளக்குகளுக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னீட்டோக்களைச் சோதிக்கும்போது, ஒவ்வொன்றிலும் சுற்றுச் சரிவு 125க்குள், இரண்டுக்கும் இடையே வித்தியாசம் 50க்குள் இருக்க வேண்டும். மேக்னீட்டோவை 500 மணிக்கு ஒருமுறை கழற்றித் திறந்து பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி, நீங்கள் கேட்ட பலகை.

முதலில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, இருக்கைக்குக் கீழே மல்லாந்து படுத்து, பலகையின் பின்புறத்தைப் பாருங்கள். 50 ஆண்டுகளில் மூன்று தலைமுறை ரேடியோக்கள் வந்து போயிருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்தவர் அதன் கம்பியை எடுக்கச் சோம்பி, நுனியை வெட்டி டேப் சுற்றி அப்படியே விட்டிருப்பார். ஒரு விமானத்தில் எங்கும் போகாத செத்த கம்பிகளை மட்டும் உருவி எடை போட்டோம். நான்கு கிலோவுக்கு மேல் இருந்தது. அந்தக் காலத்துப் பிவிசி உறை வெயிலில் காய்ந்து, வளைத்தால் முறுக்குப்போல உடையும். எரிந்தால் வரும் புகை நஞ்சு. அதன்மேல் பல லட்ச ரூபாய்த் திரையைப் பொருத்துவது, கரையான் அரித்த உத்தரத்தில் கிரானைட் பதிப்பதற்குச் சமம். கம்பிகளை வெப்பம் தாங்கும் டெஃப்செல் உறை கொண்டதாக மாற்றுங்கள், சர்க்யூட் பிரேக்கர்களைப் புதிதாக்குங்கள், தரை இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். "ரேடியோவில் இரைச்சல்" என்று வருகிற புகார்களில் கணிசமானவை இதிலேயே போய்விடும்.

பிறகு மின்சுமைக் கணக்கு. உங்களுடையது 14 வோல்ட், 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். தொடர்ச் சுமை அதில் 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அதாவது 48 ஆம்பியர். பழைய 100 வாட் லேண்டிங் விளக்கு ஒன்றே 7 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். எல்இடி போட்டால் அதில் பெரும்பகுதி மிச்சம்.

முதலில் வாங்க வேண்டிய மின்னணுக் கருவி, நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாகத் தலைச் சூடும் புகைச் சூடும் காட்டும் எஞ்சின் கண்காணிப்பு மானி. தொழிற்சாலையில் பொருத்திய ஒற்றை மானி ஒரே ஒரு சிலிண்டரைத்தான் பார்க்கிறது. மற்ற மூன்றும் வெந்தாலும் அதற்குத் தெரியாது. லைகமிங்கின் உச்ச வரம்பு 260 டிகிரி செல்சியஸ். ஆனால் சிலிண்டர் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் 205க்குக் கீழே வைத்திருங்கள். நம் வெயிலில் அது ஏறுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினைச் சுற்றிய தகரத் தடுப்புகளின் ரப்பர் விளிம்புகள். அவை மடங்கிக் கிடந்தால் குளிர்காற்று சிலிண்டரைத் தொடாமல் ஓரமாக ஓடிவிடும். இந்த விமானத்தில் காசுக்கு அதிகப் பலன் தரும் மேம்பாடு அந்த ரப்பர்ப் பட்டைதான். யாரும் அதைப் படம் எடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, வேக்குவம் பம்ப். விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானத்தையும் திசைக் கைரோவையும் சுழற்றுவது அது. உள்ளே கிராஃபைட் தகடுகள். முன்னறிவிப்பின்றி ஒரு நொடியில் உடையும். உடைந்ததும் கைரோ உடனே விழாது, மெல்லச் சாயும். மேகத்துக்குள் இருக்கும் விமானி அதை நம்பித் தானும் சாய்வார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் மேகம் எப்படி வந்து இறங்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்மின் ஜி5 அல்லது அதே துளையில் உட்காரும் ஜிஐ 275 போன்ற, தனக்கென பேட்டரி வைத்திருக்கும் மின்னணுக் கருவி இரண்டு போட்டால் பம்பையும் குழாய்களையும் கழற்றிவிடலாம். இதுதான் உங்கள் விமானத்துக்குத் தேவையான "கண்ணாடித் திரை". முழுப் பலகையையும் மாற்ற வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, ஜிபிஎஸ். பழைய ஜிஎன்எஸ் 430 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால், பெயரின் கடைசியில் டபிள்யூ இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூ இருந்தால்தான் ஜிபிஎஸ் பிழையைச் சரிசெய்யும் நம் நாட்டு ககன் அமைப்பின் செயற்கைக்கோள் திருத்தத்தை அது வாங்கிக்கொள்ளும். விபத்தானால் உதவி கேட்டுச் சமிக்ஞை அனுப்பும் அவசரகால ஒலிபரப்பி 121.5 மெகாஹெர்ட்சில் மட்டும் இயங்கும் பழையதாக இருந்தால் கழற்றுங்கள். செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை 2009 பிப்ரவரி 1இல் நிறுத்திவிட்டன. 406 மெகாஹெர்ட்ஸ் கருவி வாங்கி, பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையத்தில் பதிவும் செய்யுங்கள். பதிவு செய்யாத கருவி கூப்பிட்டால் யார் கூப்பிடுகிறார்கள் என்று அந்த மையத்துக்குத் தெரியாது.

எந்தக் கருவியானாலும் துணைவகைச் சான்றின் (எந்தெந்த மாடலில் பொருத்தலாம் என்ற அனுமதி) பட்டியலில் 172எம் இருக்கிறதா, அதை இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ ஏற்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன் உறுதி செய்யுங்கள். எஞ்சின் வேலைக்கு பி1.2, மின்னணுக் கருவி (ஏவியானிக்ஸ்) வேலைக்கு பி2 உரிமம் உள்ள பொறியாளர் கையெழுத்து வேண்டும். முடிந்ததும் விமானத்தை மீண்டும் எடை போட வேண்டும்.

இன்னொன்று: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். 1943இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன், நீர்மூழ்கி தேடும் லிபரேட்டர் விமானங்களின் பழுதுகளை எண்ணிப் பார்த்தார். 50 மணிப் பராமரிப்பு முடிந்து வந்த உடனே பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன. நன்றாக இருந்ததைத் தொட்டதில் கெட்டவை அவை. எஞ்சின் முதலில். அது 50 மணி நேரம் ஓடி நிலைக்கட்டும். பிறகு கம்பிகள். பிறகுதான் கருவிகள்.

விமானத்தைப் பார்க்கப் போகும் நாளுக்கு முந்தைய மாலையே விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நீங்கள் வரும் முன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம். காலை ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள். எஞ்சின் உறையைக் கையால் தொட்டுக் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முதல் முறை கிளம்பும்போது ஒரு சிலிண்டர் மட்டும் உதைத்துக்கொண்டு, ஓரிரு நிமிடத்தில் தானாகச் சரியானால், அது எக்ஸாஸ்ட் வால்வு தண்டில் கார்பன் படிந்து வால்வு ஒட்டுகிறது என்பதன் அறிகுறி. ஒன்பது மணிக்குப் போனால் அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்காது.